மேல் தோட்டம், கீழ்த் தோட்டம்

ஒரு செடியின் இலை தொங்கிப்போகும்போது அது தண்ணீர் கேட்கிறதா, இல்லை, தண்ணீர் போதும் என்கிறதா? வருஷக்கணக்காகச் செடிகளோடு இருக்கிறேன். இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. இரண்டுக்கும் இலை ஒரே மாதிரிதான் தொங்குகிறது. பள்ளிக்கூடத்தில் வேரின் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, ஆசிரியையிடம் பாராட்டு வாங்கியவள் நான். அந்தப் படத்தில் வேர் எப்போதும் தாகத்தோடுதான் இருந்தது. போதும் என்று சொல்லும் வேரை யாரும் எங்களை வரையச் சொல்லவில்லை.

செடிக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. வருகிற விஜயதசமிக்கு என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இதுவரை அவள் பாதி வருஷம் கோடைக்கானல் மலையிலும் பாதி வருஷம் மதுரையிலுமாக வளர்ந்தவள். இனி ஒரே ஊர்தான். எந்த ஊர் என்பதை நான் சொல்ல வேண்டும். என் கணவர் முடிவை என்னிடம் விட்டுவிட்டார். நினைக்க நினைக்க இரண்டு ஊரின் தோட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து என் கண்முன் வருகின்றன.

கணவருக்கு மராமத்து இலாகாவில் குமாஸ்தா வேலை. கல்யாணமானவுடன் மலைக்கு மாற்றினார்கள். தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. பின்னால் சரிவில் படிப்படியாகக் கொஞ்சம் நிலம். முதல் நாள் காலையில் கொல்லைக் கதவைத் திறந்தேன். வெளியே ஒன்றுமே இல்லை. நிலம், வேலி, எதிர்மலை எல்லாவற்றையும் யாரோ வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மூடுபனி என்னைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்தது. சற்றுப் பொறுத்து, முதலில் ஒரு வேலிக்கம்பு தெரிந்தது. பிறகு அதன்மேல் ஒரு குருவி. இப்போதும் மதுரையில் தூங்கி எழும் சில காலைகளில், கண்ணைத் திறப்பதற்கு முன் அந்தக் கம்புக்காகக் காத்திருப்பேன். எந்த வீட்டில் இருக்கிறேன் என்பது காக்கை கரைந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

மலை மண் கறுப்பு. காப்பி வடிகட்டிய மண்டியைப் போல ஈரமாக, பொலபொலவென்று கையில் ஒட்டும். பீன்ஸும் பட்டாணியும் போட்டோம். நன்றாக முளைத்தன. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் மதுரைக்காரர்கள். எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் வாசலுக்குத் தண்ணீர், முற்றத்துக்குத் தண்ணீர், செடிக்குத் தண்ணீர். மண்ணிலிருந்து வெக்கை ஒரு பெருமூச்சாகக் கிளம்பி அடங்கும். அதன் பிறகுதான் வீட்டில் மனுஷர்களுக்குப் பேச்சே வரும். அந்தப் பழக்கத்தையும் பெட்டி படுக்கையோடு மலைக்குக் கொண்டுபோய்விட்டோம். தினமும் சாயங்காலம் அவர் அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றியதும் ஆளுக்கொரு வாளி எடுப்போம். சில நாளில் பீன்ஸ் இலை தொங்கியது. பாவம், தாகம் என்று இன்னும் ஊற்றினோம். இன்னும் தொங்கியது.

பக்கத்து வீட்டு அக்கா மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நாள் எங்களைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"ஏங்க, உங்க மதுரையில மழையே பேயாதா? இங்க வந்து நீங்களா பேஞ்சுக்கிட்டு இருக்கீக."

ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். வேர் கறுத்துக் குழகுழவென்று இருந்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வாளியைப் பார்த்தார்.

"தெரியுது. ஆனா சாயங்காலம் ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குதே" என்றார்.

அந்தத் தை மாதத்தில் இன்னொன்றும் பார்த்தேன். விடிந்தபோது புல் எல்லாம் உப்புத் தூவிய மாதிரி வெளுத்திருந்தது. உறைபனி. வெயில் ஏறியதும் வெண்மை போய், பனி தொட்ட இலையெல்லாம் நெருப்பில் காட்டியதுபோல் கருகிக் கிடந்தது. குளிர் சுடும் என்று அன்றுதான் அறிந்தேன். அதன் பிறகு பனி இறங்கும் நாட்களில் பெரணித் தழையைக் காட்டில் வெட்டி வந்து பாத்திகளை மூடுவோம். வெயில் வந்த பின்தான் மூடியை எடுப்பதும் தண்ணீர் காட்டுவதும்.

பிரசவத்துக்குக் கீழே வந்து, கைக்குழந்தையோடு திரும்ப ஏறினேன். முதல் மழைக்காலம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மழைக்காலத்தில் குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மூடுபனி உள்ளே வராமல் கதவிடுக்கில் துணியைச் சுருட்டி வைப்பேன். அது கூரைவழியாக வரும். மழையும் குளிரும் முடியும்வரை குழந்தை கீழே இருக்கட்டும் என்றார் டாக்டர். அப்படித்தான் நானும் மகளும் மதுரை தல்லாகுளத்தில் என் கணவரின் அக்கா வீட்டுக்கு வந்தோம். அவரை நான் மதினி என்பேன். மதினியின் வீட்டுக்காரர் கோர்ட்டில் வேலை பார்க்கிறார். ஆனால் மதினி வளர்ந்தது மதுரைக்கு மேற்கே கிணற்றுப் பாசன வயல்களுக்கு நடுவே. பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து அனுப்பிவிட்டு, பின்கட்டையும் கொல்லையையும் எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.

மதுரையில் குழந்தையின் மூச்சு சீரானது. நிம்மதி என்று நினைப்பதற்குள் சித்திரை வந்துவிட்டது. உடம்பெல்லாம் வேர்க்குரு. கிண்ணத்தைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டாள். முதுகெலும்பை எண்ணிவிடலாம் போல இளைத்தாள். இந்த முறை டாக்டர் மலைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அன்று முதல் இதுதான் எங்கள் வழக்கமாகிவிட்டது. பங்குனி கடைசியில் மேலே ஏறுவோம், ஆடியில் கீழே இறங்குவோம். யுத்தகாலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிவாயுவில் ஓடின. ஏற்றத்தில் பஸ் மூச்சு வாங்கி நிற்கும். பின்னால் இருக்கும் அடுப்பைக் கிளறிவிட்டுத்தான் மறுபடி புறப்படும். அப்படி நிற்கும் இடங்களில் என் மகள் ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு, "இது எத்தனாவது படி?" என்று கேட்பாள். இரண்டு வீடும் ஒரே வீடு, நடுவில் பஸ் ஏறும் படிக்கட்டு என்பது அவள் எண்ணம். அவள்தான் மேல தோட்டம், கீழ தோட்டம் என்று பெயர் வைத்தது. மதுரையில் நாங்கள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றி முடித்ததும், "மேல தண்ணி ஊத்தியாச்சா?" என்று தினமும் கேட்பாள். அப்பா ஊற்றியிருப்பார் என்று சொல்லிவைப்பேன்.

கீழ்த் தோட்டத்தில் கத்தரி, வெண்டை, ஒரு பரங்கிக்கொடி. குளிக்கும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வாழை. ஆடியில் விதைத்த அவரைக்குப் பந்தல். கிணற்றுத் தண்ணீரில் லேசாக உப்பு. மலையில் கற்ற பாடம் எனக்குக் கையில் ஏறியிருந்தது. தண்ணீரை அளந்து, விடிந்த பிறகு, கஞ்சத்தனமாக ஊற்றினேன். மத்தியானம் பரங்கி இலைகள் மடக்கிய குடைகளாகத் தொங்கின. ஓடிப்போய்க் கிணற்றில் வாளியைப் போட்டேன்.

"ஏத்தா, வாளிய வை" என்று அடுப்படியிலிருந்து மதினியின் குரல் வந்தது.

"இலையப் பாருங்க மதினி. செத்துப்போயிரும்."

"ஒண்ணும் சாகாது. வெயிலுக்குத் தலையக் குனிஞ்சு நிக்கிது. இந்நேரம் ஊத்துனா வேரு வெந்துரும். பொழுது சாயட்டும். அப்பவும் நிமிராம நின்னுச்சுன்னா ஊத்து."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் அதப் பாக்காத. வெயில விட நீ பாக்குறதுதான் அதுக்குச் சூடு."

அன்று மத்தியானம் முழுவதும் கொல்லைப்பக்கம் போகாமல் உள்ளே உட்கார்ந்திருந்தேன். வேப்பமர நிழல் சுவரில் மெல்ல மெல்ல நகர்ந்தது. எங்கும் சத்தமே இல்லை. தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியாது, மலையில் மூடுபனி இறங்கும்போது கேட்குமே, அந்த அமைதிதான் இங்கே வெயில் இறங்கும்போதும் என்று தோன்றியது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் பரங்கி இலைகள் ஒன்றும் நடக்காதது மாதிரி விரிந்து நின்றன.

சாப்பாட்டு விஷயத்திலும் மதினி அதையே சொன்னார். மத்தியானம் பன்னிரண்டு அடித்ததும் நான் தயிர்சாதக் கிண்ணத்தோடு மகள் பின்னால் அலைவேன். வேளாவேளைக்குக் கொடுக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன் அல்லவா.

"பிள்ளைய வளக்குறியா, பள்ளிக்கூடம் நடத்துறியா? மணியடிச்சா வாயத் தெறக்கணுமாக்கும்" என்றார் மதினி. "அவளையும் பொழுது சாயப் பாரு."

பார்த்தேன். மதுரையில் அவள் சாயங்காலம்தான் சாப்பிடுகிறாள். மண்ணுக்குத் தண்ணீர் தெளித்து, அவரைப் பந்தலுக்கடியில் உட்காரவைத்தால், கதை எதுவும் சொல்லாமலே உருண்டை உருண்டையாக இறங்குகிறது. மலையிலோ நேர்மாறு. வெயில் கொல்லைப் படியில் விழும் நடுப்பகலில்தான் பசிக்கிறது. பட்டாணியைச் செடியிலிருந்தே பறித்து, தோலை உரித்து, பச்சையாக வாயில் போட்டுக்கொள்வாள். பக்கத்தில் சோற்றை வைத்தால் அதுவும் போய்விடும். சாயங்காலம் ஆனால் கம்பளிக்குள் சுருண்டுவிடுவாள். மேல் தோட்டம் தண்ணீர் வாங்கும் நேரம் எதுவோ அதுவே அங்கே அவள் பசியின் நேரம். கீழ்த் தோட்டத்திலும் அப்படியே. நான்தான் ஒவ்வொரு வருஷமும் இடம் மாறிய முதல் சில வாரங்களுக்கு மேல் வேளையைக் கீழேயும் கீழ் வேளையை மேலேயும் நடத்திக்கொண்டிருப்பேன். செடி கொஞ்சம் சாகும். பிள்ளை கொஞ்சம் இளைக்கும். பிறகு சரியாகும். அதற்குள் மறுபடி பஸ் ஏற வேண்டியிருக்கும்.

இதோடு முடிந்திருந்தால் மதினியின் சொல்லை நம்பிக்கொண்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். போன புரட்டாசியில் ஒரு மத்தியானம். மகள் பந்தலடியில் படுத்துக் கிடந்தாள். கூப்பிட்டால் ஊம் என்றாள், எழுந்திருக்கவில்லை. இலை மாதிரிதான், வெயிலுக்குத் தலை குனிந்திருக்கிறாள், பார்க்காமல் இருப்போம் என்று உள்ளே வந்துவிட்டேன். சாயங்காலம் தொட்டால் நெற்றி கொதித்தது.

மதினி ஈரத்துணியோடு ஓடிவந்தார். நான் அழுதுகொண்டே, "பொழுது சாயட்டும்னு நீங்கதானே மதினி சொன்னீங்க" என்றேன்.

"நான் செடியச் சொன்னேன். பிள்ளைய அப்படியே போட்டுட்டு வரச் சொன்னேனா? இம்புட்டுப் படிச்சு என்னத்தா புண்ணியம், எதச் சொன்னாலும் எழுத்துக்கு எழுத்து செய்யிற."

திட்டினாரே ஒழிய, அன்று அவர் தன் கட்டுக்குப் போகவில்லை. துணியை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டு எங்களோடேயே இருந்தார். காய்ச்சல் சில நாளில் விட்டது. அந்த நாட்களிலும் பரங்கிக்கொடி மத்தியானம் தொங்கிச் சாயங்காலம் நிமிர்ந்துகொண்டுதான் இருந்தது. ஒரே கொல்லை, ஒரே வெயில், ஒரே தொங்கல். ஒன்று நிழலுக்குக் காத்திருந்தது. ஒன்றுக்கு என் கை வேண்டியிருந்தது. எதை வைத்து நான் பிரித்துச் சொல்வேன்?

அந்தக் கார்த்திகையில் மகள் தன் சட்டைப்பையிலிருந்து சுருங்கிப்போன பட்டாணிகளை எடுத்துக் கிணற்றடியில் புதைத்தாள். மேலே பறித்ததாம். மதுரையில் முளைக்காது என்று சொல்லவந்தேன், சொல்லவில்லை. மார்கழிக் காற்றில் அது முளைத்து, ஒரு வெள்ளைப் பூ பூத்து, இரண்டு காய் காய்த்துவிட்டுக் காய்ந்தது. பங்குனியில் அவரை விதையை மேலே கொண்டுபோய் நட்டாள். அது வேலி முழுக்க இலையாகப் படர்ந்தது. காய் ஒன்றுகூட இல்லை.

"கீழ தோட்டத்துக்கு மேல தோட்டத்தப் பிடிக்கிது. மேல தோட்டத்துக்குத்தான் கீழ தோட்டத்தப் பிடிக்கல" என்று அவள் அப்பாவிடம் சொன்னாள்.

"அப்படியில்ல தாயி. மேல தோட்டத்துக்குக் கொஞ்சம் கூச்சம்" என்றார் அவர்.

இந்த ஆவணியில் அவர் சில நாள் விடுப்பில் இறங்கிவந்தார். சாயங்காலம் பந்தலடியில் உட்கார்ந்து பேச்சு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மலையில் பள்ளிக்கு விடுமுறை குளிர்காலத்தில். மதுரையில் கோடையில். எங்கே சேர்த்தாலும் விடுமுறைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகலாம். ஆனால் மலையில் சேர்த்தால் ஐப்பசி, கார்த்திகை மழை மிச்சம் நிற்கிறது. மதுரையில் சேர்த்தால் பங்குனியும் ஆனியும் ஆடியும் மிச்சம் நிற்கின்றன. எந்த மிச்சத்தை அவள் தாங்குவாள்?

"பிள்ளை இங்கயே இருக்கட்டும்" என்றார் மதினி. "மூச்சு முக்கியமா, வேர்க்குரு முக்கியமா? தம்பி மேல தனியா இருந்து பழகிட்டான்."

"பழகிட்டேன்னு உனக்கு யாருக்கா சொன்னா?" என்று சிரித்தார் என் கணவர். பிறகு என்னிடம், "நீதான் அவகூடவே இருக்க. நீ சொல்றதுதான்" என்றார்.

நான் அவரைப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்கால வெளிச்சத்தில் ஊதா நிறம் கரைந்துகொண்டிருந்தது. மகள் அவர் மடியில் ஏறி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "மேல தண்ணி ஊத்தியாச்சா?"

"நான் இங்கல்ல இருக்கேன். இன்னைக்கு எப்படி ஊத்துறது?"

"அப்ப தினமும் ஊத்துறீங்களா?"

"தினமும் ஊத்துறேன்."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். மேல் தோட்டத்துக்குச் சாயங்காலத் தண்ணீர் ஆகாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பிறகு மெதுவாகச் சொன்னார். செடிக்கு ஊற்றுவதில்லை. கொல்லையில் ஒரு கல்படி இருக்கிறதே, மகள் மத்தியானம் உட்கார்ந்து பட்டாணி தின்னும் படி, அதன்மேல் ஒரு வாளி ஊற்றுவாராம். ஆறு மணிக்கு இவள் கீழே கேட்பாள் என்று தெரியும், நான் சொல்லும் பதில் பொய்யாகிவிடக் கூடாது என்று. பக்கத்து வீட்டு அக்கா, "கல்லு வளந்துச்சா சார்?" என்று கேலி செய்வதாகச் சொன்னார்.

மதினி எழுந்து விளக்கேற்றப் போனார்.

அவர் திரும்பிப் போய்விட்டார். விஜயதசமி நெருங்குகிறது. மூச்சை நினைத்தால் மதுரை என்று தோன்றுகிறது. அந்த ஈரக் கல்லை நினைத்தால் மலை என்று தோன்றுகிறது. காலையில் ஒன்று முடிவு செய்தால் சாயங்காலம் அது தொங்கிப்போகிறது. மகள் மட்டும் கவலையில்லாமல் புதுச் சிலேட்டு ஒன்று போதாது, மேல சிலேட்டு, கீழ சிலேட்டு என்று இரண்டு கேட்கிறாள்.

இதைப் படிக்கிற தாய்மார்களில் மலையிலும் சமவெளியிலும் பிள்ளை வளர்த்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். மூச்சு இழுக்கிற பிள்ளைகள் வளர வளர மழையைத் தாங்கிக்கொண்டார்களா? தகப்பனை விடுமுறைக்கு மட்டும் பார்த்த பிள்ளைகள் வாடினார்களா, அந்த வாட்டம் தானாக நிமிர்ந்ததா? நீங்கள் எந்த ஊரைத் தேர்ந்தீர்கள் என்பதைவிட, எந்த அடையாளத்தைப் பார்த்துத் தேர்ந்தீர்கள் என்று தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும். விஜயதசமிக்கு முன் தயவுசெய்து இரண்டு வரி எழுதுங்கள். அது வரைக்கும் நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.